புளி போட்டுத் தேய்க்காமல் விட்டது

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பரோடு மெட்டல் டிடெக்டரும் கையுமாக வயலில் அலைவது எனக்குப் பொழுதுபோக்கு. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ரோமானியர் போட்ட எர்மைன் ஸ்ட்ரீட் சாலைக்குப் பக்கத்து நிலம். உடையவரிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தோம். வழக்கமாகச் சட்டைப் பொத்தானும் டிராக்டர் உதிரியும்தான் கிடைக்கும். அன்று அரைச் சாண் ஆழத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். மண்ணுக்குள்ளிருந்து ஒரு புள்ளி நீலம் எட்டிப் பார்த்தது.

எனாமல் பதித்த ரோமானிய ப்ரோச்; உடையைக் கோத்துப் பிடிக்கும் அலங்கார ஊசி.

வீடியோ காலில் காட்டினேன். "செம்புதானே? புளியும் உப்பும் போட்டுத் தேய், பளபளன்னு வந்துடும்" என்றார் அம்மா. சத்தியமாக, கை குழாயை நோக்கிப் போய்விட்டது. நண்பர்தான் தடுத்தார். புளியின் அமிலம் மேல்படலத்தைத் தின்னும். உப்பில் உள்ள குளோரைடு வெண்கலத்துக்கு நோய் மாதிரி, வெளிர்பச்சைத் தூளாக உள்ளே அரித்துக்கொண்டே போகும். எங்கள் வீட்டுக் குத்துவிளக்குக்கு நல்ல வைத்தியம், இதற்கு விஷம்.

இங்கிலாந்துச் சட்டப்படி இப்படித் தனியாகக் கிடைக்கும் வெண்கலப் பொருள் சாதாரணமாகப் புதையல் கணக்கில் வராது. தங்கம், வெள்ளி என்றால் 14 நாளுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கே சொல்லியாக வேண்டும் (ஆம், பிணத்தை விசாரிப்பவர்தான் புதையலையும் விசாரிக்கிறார்!). இந்த வெண்கல ப்ரோச்சைப் பதிவு செய்வது நம் விருப்பம். 1997-ல் தொடங்கிய பழம்பொருள் பதிவுத் திட்டத்துக்குப் பகுதிவாரியாக ஓர் அலுவலர் இருக்கிறார். மின்னஞ்சல் அனுப்பி, நாள் குறித்துக்கொண்டு, பொருளை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கினேன்.

அவர் முதலில் கேட்டது எங்கே கிடைத்தது என்றுதான். வயலிலேயே எட்டு இலக்க வரைபட எண்ணைக் குறித்து வைத்திருந்ததால் தப்பித்தேன். பத்து மீட்டர் கட்டத்துக்குள் இடத்தைச் சொல்லிவிடும் எண் அது. இடம் தெரியாத ப்ரோச் வெறும் நகைதான் என்றார்.

பிறகு உருப்பெருக்கிக்குக் கீழே வைத்துக் காட்டினார். வெண்கலத்தை வார்க்கும்போதே குழிகள் விட்டு, கண்ணாடித் தூளை நிரப்பி, உருகும்வரை சுட்டு, மட்டமாகத் தேய்த்திருக்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டு வேலை. நீலக் குழிகளுக்கு நடுவே பச்சைக் குழிகள். பச்சையும் நீலமும் நல்ல சேர்க்கை என்றேன். சிரித்தார். அது பச்சையே இல்லையாம்; சிவப்பாம். செம்பு கலந்து சிவப்பேற்றிய கண்ணாடி, மண்ணுக்குள் கிடந்து பச்சையாகிவிட்டது. நான் அழுக்கென்று சுரண்டப் பார்த்தது அந்தச் சிவப்பின் மிச்சத்தைத்தான்.

பின்பக்கம் கீலில் துருக்கறை மட்டும் இருந்தது. மேலங்கியைக் கோத்துப் பிடித்த முள் எப்போதோ போய்விட்டது.

பதிவேற மாதங்கள் ஆயின. பொறுமை வேண்டும், வேறு வழியில்லை. இணையத்தில் பொதுமக்களுக்கு ஒரு கிலோமீட்டர் கட்டம்வரைதான் இடம் காட்டுகிறார்கள். இரவில் திருட்டுத்தனமாகத் தோண்டுபவர்களை நினைத்து, எங்களைவிட விவசாயிக்குத்தான் அதில் நிம்மதி.

நிலம் அவருடையது, ப்ரோச்சும் அவருடையதே. பெட்டியைக் கொடுத்தபோது உள்ளே இருந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, "புது ஷூவில் வருமே, அதுவா?" என்றார். அதுதான். ஈரமானால் மாற்றுங்கள் என்றேன். சமையலறை அலமாரியில், டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.