வார்டோவில் கிடைத்த சிநேகிதன்

1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து நெல்லியடியிலிருந்து அம்மாவுடன் வார்டோவுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. நோர்வேயின் கிழக்குக் கோடியில், பாரன்ட்ஸ் கடலோரம் இருக்கும் சின்னத் தீவு ஊர் அது. அப்பா அங்கே மீன் ஆலையில் வேலை செய்தார். அந்த நாட்களில், வார்டோ இருக்கும் பின்மார்க் மாகாணத்தின் கரையோர மீன் ஆலைகளில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் ஜனவரியில்தான் திரும்பியது. அது முழுதாகத் தெரிந்த அன்று கோட்டையில் பீரங்கி முழங்கி, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். ஊரே கொண்டாடியது. எனக்குக் கூடப் போக ஆள் இல்லை.

வகுப்பில் இன்னொருவனுக்கும் ஆள் இல்லை. அவனுக்குத் திக்குவாய். ஒரு வசனத்தை முடிப்பதற்குள் மற்றவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். எனக்கோ அந்த வேகம்தான் வசதி. மற்றப் பிள்ளைகள் கதைத்தால் ஒன்றும் பிடிபடாது. அவன் கதைத்தால் ஒவ்வொரு சொல்லும் தனியாகக் காதில் விழும். நான் சொல் தேடித் தடுமாறினால் அவனும் அவசரப்படுத்த மாட்டான். நோர்வேஜிய மொழியை நான் அவனிடம்தான் பழகினேன்.

பள்ளி விட்டதும் கொட் மீனின் நாக்கு வெட்டப் போவோம். வடநோர்வேயில் அது பிள்ளைகள் செய்யும் வேலை, நல்ல காசும் கிடைக்கும். கூரான இரும்பில் தலையைக் குத்தி நிறுத்தி, ஒரே இழுப்பில் நாக்கை அறுக்க வேண்டும். கத்தி பிடிக்கும் விதத்தை அவன் பொறுமையாகக் காட்டித் தந்தான். நாக்கு விற்பனைக்குப் போகும். தலைகளைக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புவார்கள். நல்லதாக இரண்டு தலையை நான் வீட்டுக்குக் கொண்டுபோக, அம்மா புளி விட்டுக் குழம்பு வைப்பார். அவன் கன்னச் சதையை மட்டும் தின்றுவிட்டுக் கண்ணை ஒதுக்கிவைப்பான். அடுத்த வருடம் கண்ணையும் விடவில்லை.

அவனை வளர்த்தது அவனுடைய அம்மம்மா. ஹம்மர்ஃபெஸ்ட்டில் பிறந்தவர். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை சனத்தைத் தெற்கே அனுப்பிவிட்டு அந்த ஊரைக் கொளுத்தியபோது அவருக்கு எங்கள் வயது. என் அம்மாவைக் கண்ட முதல் நாளே, "உங்கட வீடு இன்னும் நிற்கிறதா?" என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். எங்கள் நெல்லியடிப் பக்கம் போரில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம் அது. "தெரியாது" என்றார் அம்மா. வேறு எவரும் எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்திருந்து, பாதி சைகையில் கதைத்தபடி கம்பளி பின்னுவார்கள்.

பலரைப் போல நாங்களும் பின்னாளில் ஒஸ்லோவுக்கு மாறிவிட்டோம். அவன் அங்கேயே சொந்தப் படகில் மீன்பிடிக்கிறான். என் பிள்ளைகளுக்கு நாக்கு வெட்டப் பழக்கியதும் அவன்தான். அவர்கள் அவனைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறார்கள்.