மெக்கென்ட்ரிக்கின் கிணறு

கொரோனாவுக்குப் பிறகு வகைக்கெழுச் சமன்பாடுகள் நடத்தும்போது கொள்ளைநோய் எப்படிப் பரவும் என்று சொல்லும் கணித மாதிரி ஒன்றையும் சேர்த்து நடத்துகிறேன். ஊர் மக்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: இனி நோய் வரக்கூடியவர்கள், இப்போது நோயில் இருப்பவர்கள், குணமாகியோ இறந்தோ கணக்கிலிருந்து வெளியேறியவர்கள். மூன்றுக்கும் மூன்று சமன்பாடு. கரும்பலகையில் வளைகோடு ஏறி இறங்கும்போது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

இதை 1927இல் எழுதியவர்கள் எடின்பரோவில் வேலை பார்த்த இரண்டு பேர். வில்லியம் கெர்மாக் வேதியியல்காரர். 1924இல் ஆய்வக விபத்தில் இரு கண்களும் போய்விட்டன, பார்வை இல்லாமலேயே இந்தக் கணக்குகளைப் போட்டார். ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக் மருத்துவர். ரொனால்டு ராஸுடன் மலேரியா வேலைக்காக சியரா லியோன் போனவர். பிறகு இந்திய மருத்துவப் பணியில் இருந்து, கசௌலி பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநர் ஆனவர்.

உலகமே மேற்கோள் காட்டுவது அந்த 1927 கட்டுரையைத்தான். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வருடம் மெக்கென்ட்ரிக் தனியாக எழுதிய கட்டுரை. அதில் ஒரு சின்னக் காலரா கணக்கு வருகிறது.

இந்தியாவில் ஒரு கிராமம், 223 வீடுகள். 168 வீட்டில் யாருக்கும் காலரா இல்லை. 32 வீட்டில் வீட்டுக்கு ஒரு நோயாளி. 16 வீட்டில் இரண்டு பேர், 6 வீட்டில் மூன்று பேர், ஒரே ஒரு வீட்டில் நான்கு பேர். மொத்தம் 86 நோயாளிகள். இவ்வளவுதான் தகவல். தேதி இல்லை, வயது இல்லை, வரைபடம் இல்லை.

நோய் எல்லா வீட்டையும் ஒரே மாதிரி குருட்டாம்போக்கில் தாக்கியிருந்தால் எண்ணிக்கை பாய்சான் பரவலில் விழ வேண்டும்; தற்செயலாக நடப்பவை எத்தனை வீட்டில் ஒரு முறை, எத்தனை வீட்டில் இரு முறை விழும் என்று சராசரியை வைத்துச் சொல்லும் சூத்திரம் அது. சராசரி 86ஐ 223ஆல் வகுத்தால் வருவது, சுமார் 0.39. போட்டுப் பாருங்கள்: ஒரு நோயாளி உள்ள வீடுகள் 58 அல்லது 59 வர வேண்டும், இருப்பதோ 32. மூன்று பேர் விழுந்த வீடு ஒன்றோ இரண்டோதான் இருக்கலாம், இருப்பது 6. ஒத்துவரவில்லை.

இங்கேதான் மெக்கென்ட்ரிக் அழகாக ஒன்று செய்கிறார். அந்த 168ஐ அப்படியே நம்ப மறுக்கிறார். நோய் இல்லாத வீடுகளில் இரண்டு ரகம் கலந்திருக்கலாம்: ஆபத்தில் இருந்தும் தப்பித்தவை, ஆபத்தே வந்து சேராதவை. சரி, பூஜ்ஜியத்தை ஒதுக்கிவிட்டு மற்ற எண்களை மட்டும் வைத்து, எத்தனை வீடுகள் ஆபத்தில் இருந்திருக்க வேண்டும் என்று கேட்போம். ஒவ்வொரு வீட்டின் நோயாளி எண்ணிக்கையையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 166. அதிலிருந்து 86ஐக் கழித்தால் 80. பாய்சான் பரவலில் மொத்த நோயாளிகளின் வர்க்கத்தை இந்த வித்தியாசத்தால் வகுத்தால் வீடுகளின் எண்ணிக்கை வந்துவிடும். 86இன் வர்க்கம் 7,396. அதை 80ஆல் வகுத்தால் 92.45. ஒரு பேனாவும் பேருந்து டிக்கெட்டின் பின்புறமும் போதும்.

அதாவது சுமார் 93 வீடுகள்தான் ஆட்டத்திலேயே இருந்தன. இந்த எண்ணை வைத்துப் பாய்சான் போட்டால் ஒரு நோயாளி உள்ள வீடு 34, இரண்டு 16, மூன்று 5, நான்கு 1 என்று வருகிறது. உண்மையில் இருந்தவை 32, 16, 6, 1. ஆபத்தில் இருந்தும் தப்பித்தவை 38. மீதி 130 வீடுகளின் பக்கம் நோய் எட்டியே பார்க்கவில்லை.

இதிலிருந்து அவர் ஊகித்தது: நோய் தண்ணீரில் வந்திருக்கலாம், ஊரில் பல கிணறுகள் இருக்கலாம், இந்த 93 வீடுகளும் கெட்டுப்போன ஒரு கிணற்றில் தண்ணீர் எடுத்திருக்கலாம். அப்புறம் உள்ளூரில் விசாரித்தபோது அப்படித்தான் இருந்தது என்று எழுதுகிறார்.

விலங்கியல் துறைத் தோழி ஒருத்தியிடம் இதைக் காட்டினேன். அவள் உடனே மடக்கினாள்: "வீட்டில் ஒருத்தருக்கு வந்து, அவர் மூலமாக மற்றவர்களுக்குத் தொற்றியிருந்தாலும் இதே மாதிரி எண்கள் வரலாமே?" வரலாம்தான். எண்கள் பொருந்துவதை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் மெக்கென்ட்ரிக்கின் மாதிரி நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னது. கிணறு இருக்கிறதா இல்லையா என்று ஊருக்குள் போய்க் கேட்கலாம்.

இப்போது 1927க்கு வருவோம். அந்தக் கட்டுரையில் ஒரு படம் உண்டு: 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரை பம்பாயில் வாரந்தோறும் நடந்த பிளேக் மரணங்கள். புள்ளிகளின் மேல் வளைகோடு அப்படியே ஒட்டிக்கொண்டு போகிறது. பாடப்புத்தகங்கள் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவதில் ஆச்சரியமில்லை.

கோட்டின் சூத்திரத்தில் மூன்றே எண்கள்: 890, 0.2, 3.4. உச்ச வாரத்தில் 890 மரணம். 3.4ஐ 0.2ஆல் வகுத்தால் 17, ஆக உச்சம் பதினேழாவது வாரம், ஏப்ரல் நடுவில். கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைத் தொகையிட்டால் 8,900 மரணம். இதை வகுப்பிலேயே போடச் சொல்வேன், இரண்டு வரிக் கணக்கு.

அடுத்த கேள்விதான் முக்கியம். நோய் ஏன் அடங்கியது? மாதிரியின் பதில்: நோய் வரக்கூடியவர்கள் குறைந்துபோனார்கள், அதனால் பரவல் தளர்ந்தது. பிளேக் வந்தவர்களில் 80 முதல் 90 சதவீதம் பேர் இறந்ததாக ஆசிரியர்களே சொல்கிறார்கள். அப்படியானால் நோயாளிகள் பத்தாயிரத்தைச் சுற்றித்தான். பம்பாயின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ பத்து லட்சம். நூற்றுக்கு ஒருவர்! மற்ற தொண்ணூற்றொன்பது பேர் அங்கேயேதான் இருந்தார்கள். அவர்கள் எப்படிக் "குறைந்துபோனார்கள்"?

பிளேக் எலியின் நோய், தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு வருவது. பம்பாயில் அது 1896இல் நுழைந்ததிலிருந்து வருடாவருடம் வந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் ஏறும், கோடை முற்றும்போது இறங்கும். வெயிலும் வறட்சியும் கூடினால் எலித் தெள்ளுப்பூச்சி நீண்ட நாள் பிழைக்காது. 1906இலும் நோயை இறக்கியது பெரும்பாலும் பருவநிலைதான் என்று நிக்கொலா பக்காயே என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 2012இல் விரிவாகக் காட்டினார். மேலே ஏறிக் கீழே இறங்கும் எதையும் மூன்று எண்களைத் திருகி ஒரு மணி வடிவக் கோட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். உயரத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று.

கெர்மாக்கையும் மெக்கென்ட்ரிக்கையும் குறை சொல்ல வரவில்லை. மனிதப் பிளேக் எலிப் பிளேக்கின் பிரதிபலிப்பு, பரவும் வேகம் முழுக்காலமும் மாறாமல் இருக்கும் என்பது இங்கே பொருந்தாது என்று அவர்களே அதே கட்டுரையில் எச்சரித்திருக்கிறார்கள். நாம்தான் எச்சரிக்கையை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அவர்களின் உண்மையான கண்டுபிடிப்பு வேறு: நோய் வரக்கூடியவர்களின் அடர்த்தி ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் நோய் பற்றவே பற்றாது; பற்றினாலும் எல்லாரையும் பிடிக்காமலேயே அணைந்துவிடலாம். அந்தத் தேற்றத்துக்கு பம்பாய்ப் படத்தின் தயவு தேவையே இல்லை.

அதனால் இந்த வருடம் வரிசையை மாற்றினேன். முதலில் கிராமத்துக் காலரா, பிறகுதான் பம்பாய். தேர்வில் முந்தையது வராது என்று தெரிந்தும் பிள்ளைகள் உற்சாகமாகப் போட்டார்கள். ஒரு பெண் மட்டும் 92.45ஐ வெகுநேரம் முறைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மேம், எல்லா வீட்டிலும் ஒரே அளவு ஆள் இருந்த மாதிரி போடுகிறோமே. பன்னிரண்டு பேர் இருக்கிற கூட்டுக்குடும்பமும் தனியாக இருக்கிற பாட்டியும் ஒன்றா?" வீட்டுக்கு எத்தனை பேர் என்று அந்த அட்டவணையில் இல்லை. வீடுகளின் அளவு எவ்வளவு மாறினால் 93 எவ்வளவு நகரும் என்று அவளும் இன்னும் இரண்டு பேரும் எக்செல்லில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.