பம்பாயைச் சீராகக் கொண்டுபோன பொண்ணு

பாளையங்கோட்டையில பதினெட்டு வருஷமா கல்யாணப் பொண்ணுங்களுக்குச் சடை தைக்கேன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதல்ல தலைமுடிதான் கண்ணுல படும். போன வாரம் மக, "எம்மா, இந்தத் தலையப் பாரேன்"ன்னு செல்லை நீட்டுனா.

போர்ச்சுகல் இளவரசி கேத்தரின். 1660-61 வாக்குல வரைஞ்சது. டிர்க் ஸ்டூப் கைவேலைன்னு சொல்லுதாவ, லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில இருக்கு. முடி ரெண்டு பக்கமும் புஸ்ஸுன்னு விரிஞ்சு நிக்கி. நெத்தியில ஒரு கத்தை குறுக்க ஓடுது. எனக்கென்னமோ சவுரி வைக்காம இந்த அகலம் நிக்காதுன்னு தோணுது. பாவாடையோ உள்ள வளையம் வச்சு விரிச்சது. நம்ம வீட்டு வாசப்படியில ஒருக்களிச்சுத்தான் நுழையணும்.

1662-ல இங்கிலாந்து ராஜா ரெண்டாம் சார்லஸுக்கு வாக்கப்பட்டுப் போனா. சீர்: பம்பாய், மொராக்கோ பக்கம் இருக்க டாஞ்சியர் ஊரு, அதுக்கு மேல ரொக்கம். அதுக்கு நாலு வருஷம் முந்தி, 1658-லதான் நம்ம தூத்துக்குடியை டச்சுக்காரன் போர்ச்சுகீசியர்ட்ட இருந்து பிடிச்சிருக்கான். சீரா வந்த பம்பாயை ராஜா 1668-ல கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருஷம் 10 பவுண்டு வாடகைக்கு விட்டுட்டாரு. எங்க ஊர்ல பத்து பவுன் போட்டாலே "இம்புட்டுத்தானா"ம்பாவ.

ஊரைச் சீராக் கொடுத்தும் என்ன? வந்து இறங்குன மாசமே ஜான் ஈவ்லின்னு ஒருத்தர், முன்முடி விசித்திரமாத் திரும்பிக் கிடக்குன்னு டைரியில எழுதி வச்சிருக்காரு. கொஞ்ச வருஷத்துல பீட்டர் லெலி வரைஞ்ச படத்துல வளையப் பாவாடையும் இல்ல, அந்த முடியும் இல்ல. இங்கிலீஷ்காரி மாதிரி சுருள் தொங்குது.

அதைப் பார்த்ததும் போன தை மாசத்துப் பொண்ணு ஞாபகம் வந்துட்டு. பிச்சிப்பூ வச்சு மூணு மணி நேரம் தச்ச சடை. ரிசப்ஷனுக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தவ வந்து, "எங்க பக்கம் இப்படிப் பின்ன மாட்டோம், பிரிச்சு விடுங்க"ன்னாவ. நான் ஊசியை ஒண்ணொண்ணா உருவ உருவ, அந்தப் பிள்ளை கையை நீட்டி வாங்கிக்கிட்டு இருந்துச்சு. கடைசியில, "யக்கா, குஞ்சலத்தை மட்டும் என் பேக்ல போட்டுருங்க"ன்னுச்சு.

லெலி படம் அழகுதான், மறுக்கல. ஆனா செல்லுல நான் வச்சிருக்கது முதல் படம். அந்த நெத்திக் கத்தை எங்க பின்னு குத்தினா நிக்கும்னு ஒருதடவை செஞ்சு பாக்கணும். மக தலையைத் தர மாட்டேங்கா.