பலேர்மோவில் அலர்ஜி பரிசோதனை: போகும் தமிழர்களுக்கு

பங்குனி வந்தால் எனக்கு மூக்கு ஒழுகும், கண் கடிக்கும். இத்தாலியில் நானிருக்கும் பலேர்மோ நகரின் பழைய மதில் இடுக்கெல்லாம் முளைத்திருக்கும் பரியெத்தாரியா செடியின் மகரந்தமாக இருக்கலாம் என்று குடும்ப வைத்தியர் சந்தேகப்பட்டு, அலர்ஜி நிபுணரிடம் போகத் துண்டு எழுதித் தந்தார். அதை வைத்துக் கூப் என்ற முன்பதிவுக் கவுண்டரில் பதிந்து, டிக்கெட் கட்ட வேண்டும். இங்கே டிக்கெட் என்றால் மருத்துவச் செலவில் நம் பங்கு.

துண்டில் 'ரினீத்தே அல்லெர்ஜிக்கா' என்றிருந்தது. என் கணவருக்கு எழுதினாலும் அப்படித்தான் வரும். மூக்கழற்சியைக் குறிக்கும் ரினீத்தே இத்தாலிய மொழியில் பெண்பால் சொல், அதனால் கூட வரும் அல்லெர்ஜிக்காவும் பெண்பால். ஆளைச் சொல்லும்போது மட்டும் ஆண் அல்லெர்ஜிக்கோ, பெண் அல்லெர்ஜிக்கா. பன்மையில் அல்லெர்ஜிச்சி, அல்லெர்ஜிக்கே. இந்த ஈறு பிழைத்தாலும் யாரும் குறை நினைப்பதில்லை. எதற்கு ஒவ்வாமை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: 'சோனோ அல்லெர்ஜிக்கா அல்லா பெனிசில்லினா' (எனக்குப் பெனிசிலின் ஒவ்வாது) என்பது போல.

பரிசோதனைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே அலர்ஜியை அடக்கும் அன்டிஹிஸ்டமின் குளிசையை நிறுத்தச் சொல்வார்கள். அந்த வாரம்தான் கொடுமை, பரிசோதனை ஒன்றுமே இல்லை. முன்கையின் உள்பக்கத்தில் ஒலிவ், சைப்ரஸ், புல், தூசிப்பூச்சி என்று துளித்துளியாக வைத்து மெல்லக் குத்துவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஹிஸ்டமின் ஒரு துளி, உப்புநீர் ஒரு துளி. 15, 20 நிமிடத்தில் 3 மில்லிமீட்டராவது தடித்தால் பொசிட்டிவ். எனக்குப் பரியெத்தாரியா நன்றாகவே தடித்தது.

பால் குடித்தால் வயிறு ஊதுகிறது, அதுவும் அலர்ஜியா என்று கேட்டேன். வைத்தியர் சிரித்துவிட்டு, அது அலர்ஜி இல்லை, நீங்கள் 'இன்தொல்லெரான்தே' (உடல் ஏற்காதவர்) என்றார். லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்தால் வயிறு படுத்தும், அவ்வளவுதான். அல்லெர்ஜிக்கோ என்றால் நோயெதிர்ப்புச் சக்தியே அந்தப் பொருளை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. சிலருக்குக் கொஞ்சம் பட்டாலே தொண்டை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். உணவகத்தில் இரண்டையும் மாற்றிச் சொல்லாதீர்கள். ஐரோப்பியச் சட்டப்படி 2014 டிசம்பரிலிருந்து 14 ஒவ்வாமைப் பொருள்களை அவர்கள் தெரிவித்தே ஆகவேண்டும். அதில் எள் உண்டு, தேங்காய் இல்லை. அதனால் தேங்காய் ஆகாதவர்கள் வாய்விட்டுக் கேட்கத்தான் வேண்டும்.

இப்போதைக்கு மூக்கு ஸ்பிரே தந்திருக்கிறார்கள். நாக்கின் அடியில் வைக்கும் மருந்தும் உண்டு, ஆனால் 3 வருடமளவு தொடரவேண்டுமாம். அடுத்த பங்குனியைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.