"எந்தக் கட்சி சார்?"

டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, வாசிப்பதெல்லாம் நாங்களே புதிதாக இயற்றியவை. சென்னையில் எங்கள் பக்கத்துப் பூங்காவில் இப்படி ஒரு கச்சேரிக்கு அனுமதி கேட்கப் போனபோது வந்த முதல் கேள்விதான் தலைப்பு.

கட்சி இல்லை என்றேன். "அப்ப எந்தக் கம்பெனி விளம்பரம்?" அதுவும் இல்லை. காசு வாங்காமல் எதற்கு வாசிக்க வேண்டும் என்பதை விளக்கவே இரண்டு நடை ஆனது.

முதலில் பார்த்து வைத்த பூங்காவை நாங்களே விட்டுவிட்டோம், ஒட்டினாற்போல் ஆஸ்பத்திரி. இரண்டாவது பூங்கா குடியிருப்புகளுக்கு நடுவே. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். காவல் நிலையத்தில் "அவங்க கையெழுத்து வரட்டும்" என்றார்கள். பூங்கா அலுவலகத்தில் "ஸ்டேஷன்ல போடட்டும்" என்றார்கள். மூன்று வாரம் இப்படியே போனது.

வயலின் வாசிக்கும் தோழிதான் கேட்டாள்: "மைக்கையே எடுத்துட்டா?" மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் மைக் இல்லாமல்தானே பாடினார்கள்! ஒலிபெருக்கி என்ற வரியை நீக்கிப் புது மனு கொடுத்தோம். அந்த வாரமே கையெழுத்தானது. (நாகஸ்வரத்துக்கு எத்தனை டெசிபல் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.)

மைக் போனதும் என் உருப்படியில் பாதி போயிற்று. தம்புரா சுருதியில் மெல்ல விரியும்படி 20 நிமிடத்துக்கு இயற்றியிருந்தேன். மரத்தடியில் ஒத்திகை பார்த்தால் பத்தடி தள்ளி நின்றவருக்குக் காக்காய்தான் கேட்டது. அறைக்குள் வாசித்தால் சுவர் கொஞ்சம் திருப்பித் தரும். வெட்டவெளியில் போனது போனதுதான். சாமி புறப்பாட்டில் தெருவெல்லாம் கேட்கிறதே, எப்படி என்று அப்போதுதான் யோசித்தேன். தம்புராவை எடுத்துவிட்டு, நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் குழலான ஒத்து வைத்தோம். வயலினை உட்கார வைக்காமல் கூட்டத்துக்குள் நடந்துகொண்டே வாசிக்கச் சொன்னோம். மெல்லிய இடங்களைச் சுருக்கித் தவிலுக்கும் பறைக்கும் கொடுத்தேன். முதலிலேயே அப்படித்தான் இயற்றியிருக்க வேண்டும்.

கச்சேரி அன்று காலை ஆறரைக்கு அடுத்த சிக்கல். பறையைக் காய்ச்ச வேண்டும். பனி ஈரத்தில் தோல் தொளதொளத்துக் கிடந்தது. சூடு காட்டினால்தான் விறைத்துக் கணீரென்று பேசும். பூங்காவுக்குள் தீ மூட்டக் கூடாது என்று வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது. காவலாளி அண்ணன் அசையவில்லை. அவர் பக்கம்தான் நியாயம். கடைசியில் வெளியே டீக்கடை அடுப்பில் காய்ச்சினோம். சூடு இறங்கும் முன் ஓடிவந்து வாசிக்க வேண்டியிருந்தது.

உட்கார்ந்து கேட்டவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். மற்றவர்கள் நடைப்பயிற்சியை நிறுத்தவில்லை. வருவார்கள், கேட்பார்கள், போய்விடுவார்கள். எனக்கு முதலில் முகம் சுருங்கியது. முடிந்ததும் வேர்க்க விறுவிறுக்க ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, நான் அந்தப் பூவரச மரத்துக்கிட்ட வர்றப்ப ஒண்ணு வாசிச்சீங்களே, அதை இன்னொரு வாட்டி வாசிப்பீங்களா?"

எந்தச் சுற்று என்று கேட்டேன். நாலாவது என்றார். நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, தவிலும் வயலினும் மட்டும் பேசிக்கொள்ளும் இடம் என்று கண்டுபிடித்தோம். அதை வாசித்தோம். அவர் மரத்தடியிலேயே போய் நின்று கேட்டார்.