சென்னைப் புழுக்கத்தில் ஓட என்னென்ன வேண்டியிருக்கிறது

ஓட்டக்காரர்களுக்கான சாமான்கள் என்று தேடினால் கிடைக்கும் பட்டியல்களில் கையுறை, காதை மூடும் கம்பளித் தொப்பி, காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் எல்லாம் வரிசையாக வரும். எழுதியவர்களில் பாதிப்பேர் குளிர்நாட்டுக்காரர்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கே சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிற ஊரில் பிரச்சினையே வேறு. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் பிரிவில் ஓடலாம் என்று ஜூனில் பயிற்சியைத் தொடங்கினேன். வாரநாட்களில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை, ஞாயிறு லாங் ரன் என்றால் திரு.வி.க. பாலத்தைத் தாண்டி சாந்தோம் வழியாக மெரினா. இப்போது நவம்பர். இதுவரை வாங்கியது, நண்பர்களிடம் இரவல் வாங்கிப் பார்த்தது, பயன்படுத்திவிட்டு ஓரம் கட்டியது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லோரும் ஷூவில்தான் ஆரம்பிப்பார்கள். நான் பனியனில் ஆரம்பிக்கிறேன். ஜூனில் பருத்தி பனியன் ஒருநாள், மெல்லிய பாலியஸ்டர் டீஷர்ட் ஒருநாள் என்று மாற்றி மாற்றி ஓடி, ஓடுவதற்கு முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். பருத்தி 150 கிராமிலிருந்து 400ஐத் தாண்டியது, பாலியஸ்டர் அதில் பாதிகூட வரவில்லை. எடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஈரப் பருத்தி மார்புக்காம்பில் உரசி உரசிப் புண்ணாக்குவதைத்தான் தாங்க முடியாது. குளிக்கும்போது சோப்பு பட்டதும் அலறினால் என்ன நடந்தது என்று வீட்டில் கேட்கவே வேண்டாம். இதற்கு சாதாரண பேண்டெய்டு போட்டால் மூன்றாவது கிலோமீட்டரில் வியர்வையில் கழன்று வயிற்றில் ஒட்டிக்கொள்ளும். மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய காகித டேப் நிற்கிறது, ஆனால் மின்விசிறிக்கு அடியில் தோல் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். தொடை உரசலுக்குத் தேங்காய் எண்ணெய் அரை மணி நேரம் தாங்கியது, அதற்குள் தோல் அதைக் குடித்துவிடுகிறது. வாசலின்தான் இரண்டு மணி நேர ஓட்டத்துக்கும் ஈடு கொடுக்கிறது. இவ்வளவு பிரச்சினைகளைத் தீர்க்கும் டேப்பும் வாசலினும் சேர்த்து ஒரு பிரியாணி விலைகூட வராது, ஆனால் எந்தக் கடைக்காரரும் ஷோகேஸில் வைத்து விற்பதில்லை.

பாலியஸ்டருக்கும் ஒரு குறை உண்டு, நாற்றம். துணியை மென்மையாக்கும் திரவம் போட்டு அலசினால் அது இழையில் ஒரு படலமாகப் படிந்து வியர்வையை வெளியேற்றும் வேலையைக் கெடுக்கும். ஓடிவிட்டு வந்த கையோடு வெறும் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டுவிடுவது போதுமானதாக இருக்கிறது. பையில் சுருட்டி வைத்தால் கதை முடிந்தது.

சரி, ஷூ. சென்னையில் ஓடும்போது வியர்வை தொடை வழியாக முழங்காலுக்கு இறங்கி, அங்கிருந்து சாக்ஸுக்குள் போய், ஒரு மணி நேரத்தில் ஷூவுக்குள் சளக் சளக்கென்று சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். மழையே பெய்திருக்காது. அதனால் நான் ஷூவில் முதலில் பார்ப்பது மேல்துணியைத்தான், விளக்குக்கு நேரே பிடித்தால் வலைக்கண்கள் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று. அடிப்பாகத்தின் மென்மையெல்லாம் அடுத்ததுதான். அளவைப் பொறுத்தவரை, மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, ஓடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, நின்ற நிலையில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அலுவலகத்துக்குப் போடுவதைவிட அரை சைஸ், சிலருக்கு ஒரு சைஸ் பெரிதாக வரும். கடையில் "போடப்போட லூஸாகிடும் சார்" என்பார்கள், நம்ப வேண்டாம். நீளம் லூஸாகாது, நகம்தான் கறுத்துப்போகும்.

பெரிய சைஸ் வாங்கினால் குதிகால் எழும்புமே என்றால், அதற்குத்தான் ஷூவின் மேல் ஓரத்தில், கணுக்காலுக்குப் பக்கத்தில், யாரும் பயன்படுத்தாத ஒரு கூடுதல் ஓட்டை இருக்கிறது. லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்து ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே விட்டால் ஒரு சின்ன வளையம் கிடைக்கும். இரண்டு பக்கமும் அப்படிச் செய்துவிட்டு, வலது லேஸை இடது வளையத்திலும் இடது லேஸை வலது வளையத்திலும் விட்டு, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போட வேண்டும். குதிகால் சிக்கென்று உட்காரும், விரல்களுக்கு இடம் அப்படியே இருக்கும். செலவு ஒரு பைசா இல்லை. ஓட ஆரம்பிப்பவர்கள் யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் காட்டுகிறேன், பாதிப்பேர் அந்த ஓட்டையைப் பார்த்ததே இல்லை என்கிறார்கள்.

பருத்தி சாக்ஸ் கொப்புளத்துக்கு நேர்வழி. நைலான் கலந்த, விரல் பக்கம் தையல் மேடு இல்லாத சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்கினேன், அன்றிலிருந்து கொப்புளம் எட்டிப் பார்க்கவில்லை. வேகத்துக்காக அடிப்பாகத்துக்குள் விறைப்பான கார்பன் தட்டு வைத்த பந்தய ஷூக்களைப் பற்றியும் சொல்லிவிடலாம். உலகத் தடகள அமைப்பு 2020இல் சாலைப் பந்தய ஷூவின் அடிப்பாகத் தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, ஒரு தட்டுக்கு மேல் கூடாது என்று விதி போடும் அளவுக்கு அவற்றில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுத்துக்கொள்ளும் எனக்கு அந்தப் பணத்தில் சாதாரண ஷூ இரண்டு ஜோடி வாங்குவதுதான் நியாயமாகப் படுகிறது. ஒரு ஜோடி பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பார்கள், மேலே புதிதுபோல இருந்தாலும் உள்ளே நுரை அமுங்கிச் செத்திருக்கும்.

இரண்டு ஜோடியின் அருமை அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும்தான் தெரிந்தது. நனைந்த ஷூ ஒரு நாளில் காய்வதில்லை. வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும் என்பதால் உள்அட்டையை உருவிவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஈரத்தாளை எடுத்துவிட்டு வேறு தாள் திணித்து, மின்விசிறிக்கு நேரே சாய்த்து வைக்கிறேன். இப்படிச் செய்தால் மறுநாள் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது. மழைக்கு ஜாக்கெட் வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். இந்த ஊரில் மழைக்கோட்டு போட்டு ஓடினால் வெளியே நனைவதற்குப் பதில் உள்ளே நனைவோம், அவ்வளவுதான் வித்தியாசம். முன்விளிம்பு வைத்த தொப்பி மட்டும் போதும், கண்ணில் தண்ணீர் இறங்காது.

அடுத்தது தண்ணீர். இதற்கு வாங்க வேண்டிய கருவி எடை பார்க்கும் மெஷின் ஒன்றுதான். ஓடுவதற்கு முன் துணியில்லாமல் எடை, வந்ததும் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி எடை. ஆகஸ்டில் ஒரு மணி நேரத்துக்கு எனக்கு 1.2 கிலோ குறைந்தது, இடையில் 300 மில்லி குடித்திருந்தேன், ஆக ஒன்றரை லிட்டர் வியர்த்திருக்கிறது. இழந்ததை முழுக்க ஓட்டத்திலேயே குடித்து ஈடுகட்ட நினைக்கக்கூடாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் உலக சுகாதார நிறுவனக் கலவை ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்துத்தான் நான் எடுத்துப் போகிறேன். அதில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். உப்புக்குப் பிரமாதம், சக்திக்குப் போதாது, விளையாட்டு பானங்கள் பலவற்றில் சர்க்கரை லிட்டருக்கு 60 கிராம் அளவில் இருக்கும். அதனால் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டங்களில் கூடவே பேரீச்சம்பழம். இளநீர் பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், எனக்கும் உயிர்தான், ஆனால் அதில் பொட்டாசியம் தூக்கல், சோடியம் குறைவு. வியர்வையில் போவது முக்கியமாக சோடியம். ஓடி முடித்து உட்கார்ந்து குடிக்க ஏற்றது.

முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையை இரவல் வாங்கிப் பார்த்தேன். முதுகு மொத்தமும் அடைபட்டு இன்னும் அதிகமாக வியர்த்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். இடுப்பு பெல்ட்டில் கால் லிட்டர் பாட்டில் இரண்டு, அதே பெல்ட்டில் ஜிப்லாக் உறைக்குள் போன். கையில் கட்டும் போன் பட்டையை மறந்துவிடலாம், வியர்வையில் வழுக்கி முழங்கைக்கு வந்துவிடுகிறது.

இனி வாட்ச். வாங்கப்போகிறவர்கள் தொடுதிரை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள், பக்கவாட்டில் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். வியர்த்த விரலுக்குத் தொடுதிரை கேட்காது, சில சமயம் வியர்வைத் துளியே திரையைத் தொட்டு ஓட்டத்தை நிறுத்திவிடும். மணிக்கட்டில் இதயத்துடிப்பு அளப்பது பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்பி, இரத்த ஓட்டத்துக்கு ஏற்பத் திரும்பி வரும் ஒளி எப்படி மாறுகிறது என்று பார்த்துத்தான். கை ஆடும் வேகத்தையே துடிப்பு என்று அது எடுத்துக்கொள்வதும் உண்டு. நான் பேசிக்கொண்டே மெதுவாக ஓடும்போது 172 காட்டியது, கால் எட்டு வைக்கும் எண்ணிக்கையும் நிமிடத்துக்கு 172. எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டினால் ஓரளவு சரியாகிறது. மார்புப் பட்டை இதயத்தின் மின் அலையையே நேரடியாக எடுப்பதால் இந்தக் குழப்பம் இல்லை. அதன் கையேட்டில் பட்டையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போடவும் என்று எழுதியிருக்கிறது. நம் ஊருக்கு அந்த வரி தேவையே இல்லை.

புழுக்கத்தில் உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குத் திருப்பப்படுவதால், அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். ஜூன், ஜூலை முழுக்க வாட்ச் எனக்கு "உடற்தகுதி குறைகிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அக்டோபர் மழையில் காற்று குளிர்ந்ததும் அதுவே பாராட்ட ஆரம்பித்துவிட்டது. இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. தூரக் கணக்கிலும் அப்படித்தான், மேம்பாலத்துக்கும் மெட்ரோ தூண்களுக்கும் அடியில் ஜிபிஎஸ் தாறுமாறாகக் கோடு போடும், மெரினாவில் திறந்த வானத்துக்குக் கீழே ஒழுங்காக இருக்கும். பந்தயத் தூரத்தை வளைவுகளில் மிகக் குறுகிய பாதையாக எடுத்து அளக்கிறார்கள், நாம் அப்படி ஓடுவதில்லை. ஆகவே 21.1இல் வாட்ச் 21.3 காட்டினால் அமைப்பாளர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஓடி முடித்ததும் வாட்சின் அடிப்பக்கத்தையும் சார்ஜ் ஊசிகளையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது அவசியம், வியர்வை உப்பு அந்த ஊசிகளை அரித்துவிடும்.

இயர்போனில் காதை அடைக்காத, கன்னத்தெலும்பு வழியாகச் சத்தம் அனுப்பும் வகையைத்தான் வைத்திருக்கிறேன். இசைக்குச் சுமார்தான், ஆனால் பின்னால் வரும் பஸ்ஸும் தெருநாயும் காதில் விழுகின்றன. இருட்டில் ஓட நெற்றி விளக்கைவிட இடுப்பில் மாட்டும் விளக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. தாழ்ந்த வெளிச்சத்தில் பெயர்ந்த நடைபாதைக் கல்லுக்குக்கூட நீண்ட நிழல் விழும், தூரத்திலேயே தெரிந்துவிடும். பூச்சிகளும் முகத்துக்கு வராது.

டிசம்பருக்கு இரண்டு வேலை வைத்திருக்கிறேன். இரண்டாவது ஜோடி ஷூவை நீண்ட ஓட்டங்களில் போட்டுப் பழக்கி ஜனவரிக்குத் தயாராக்க வேண்டும், புத்தம் புதிதாகப் பந்தயத்துக்குப் போட்டுப்போகும் ஆசை எனக்கில்லை. அப்புறம், பெல்ட்டில் ஒரு பாட்டிலை எடுத்துவிட்டு, வழியில் தண்ணீர் தருவார்கள் என்ற கணக்கில் 18 கிலோமீட்டர் ஓடிப் பார்க்க வேண்டும். அது சரியாக வந்தால் பந்தயத்தன்று இடுப்பில் ஓஆர்எஸ் பாட்டில் ஒன்று, பேரீச்சம்பழம் நான்கு, போன், அவ்வளவுதான்.