உளுந்து மண் சோயாவுக்கு ஒத்துவரவில்லை

பிப்ரவரி 20: மளிகைக் கடையில் கால் கிலோ சோயா பீன்ஸ் வாங்கி, அதிலிருந்தே 20 விதையை எடுத்து மாடியில் க்ரோ பேக்கில் ஊன்றினேன். முளைத்தது 4. சோயாவில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், மேல்தோலும் மெல்லிசு. சூட்டில் கிடந்தால் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். கடை மூட்டையில் எத்தனை மாதம் கிடந்ததோ!

மார்ச் 28: நாலு செடியும் வெளிறிப்போய் எலுமிச்சை நிறத்தில் நிற்கின்றன. மீன் அமிலம் என்கிற இயற்கை ஊக்கி தெளித்தும் தேறவில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிற பாக்டீரியா குடியிருப்பது அந்த முடிச்சில்தான்.

அது போன பட்டத்தில் உளுந்து போட்ட பை. உளுந்து வேரில் முடிச்சு இருந்ததே, அந்த பாக்டீரியா மண்ணிலேயே இருக்குமே என்று கணக்குப் போட்டிருந்தேன். கணக்கு தப்பு. உளுந்தோடு கூட்டுச் சேர்கிற கிருமி வேறு. சோயாவுக்குப் பெரும்பாலும் வேண்டியது பிராடிரைசோபியம் ஜப்பானிகம். செடிக்குப் பூர்வீகம் சீனா. இதுவரை சோயா போடாத மண்ணில் அதன் கூட்டாளியை நாம்தான் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 14: இரண்டாவது முயற்சி. கோ 3 ரக விதை கிடைத்தது. அந்த பாக்டீரியா கலந்த ரைசோபியம் உரம் கேட்டதும் கடைக்காரர் நிலக்கடலைக்கு உள்ள பொட்டலத்தை எடுத்து நீட்டினார். “சோயாவுக்குன்னு போட்டதுதான் வேணும், அண்ணா” என்று நின்று வாங்கிவந்தேன். ஆறிய அரிசிக் கஞ்சியில் அந்தக் கறுப்புத் தூளைக் குழைத்து, விதையைப் போட்டுப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினேன். வெயிலில் காய வைத்தால் பாக்டீரியா செத்துவிடும். ஊன்றியது 15, முளைத்தது 12.

ஜூலை 22: மனசே இல்லாமல் ஒன்றைப் பிடுங்கினேன். ஆணிவேரை ஒட்டி மிளகு அளவில் 17 முடிச்சுகள்! ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரன். நைட்ரஜனைப் பிடிக்கிற நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. ஆக்சிஜனை இது கட்டிவைத்து நொதியைக் காக்கிறது. உள்ளே பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் முடிச்சு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இலையும் இந்த முறை கரும்பச்சை.

ஆகஸ்ட் 25: பூ வந்ததே தெரியவில்லை, அவ்வளவு பொடிசு. விரியும் முன்னாலேயே பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். சுரைக்காய்ப் பூவுக்குக் காலையில் பிரஷ்ஷோடு அலைகிறவனுக்கு இது பெரிய நிம்மதி. காய் முழுக்க மெல்லிய ரோமம். ஒரு செடியை மாவுப்பூச்சி தின்றுவிட்டது. இரண்டு செடியின் பச்சைக் காயைப் பறித்து உப்புப் போட்டு வேர்க்கடலை மாதிரி அவித்துத் தின்றோம். ஜப்பானில் எடமாமே என்பது இதுதான்.

செப்டம்பர் 16: இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து, குலுக்கினால் காய்க்குள் சலசலப்பு. எட்டுச் செடியில் 160 கிராம். சிரிக்க வேண்டாம்.

செப்டம்பர் 18: சோயா பால் எடுக்க 120 கிராமை இரவே ஊறவைத்து, தோல் நீக்கிப் பச்சைத் தண்ணீர் விட்டுப் பாதியை அரைத்தேன். அம்மா முகர்ந்துவிட்டு, “என்னடா, பச்சைப்பயறு வாடை” என்று முகம் சுளித்தாள். அரைபடும்போது லிப்பாக்சிஜினேஸ் என்கிற நொதி எண்ணெயோடு சேர்ந்து செய்கிற வேலை அது. மீதிப் பாதியைக் கொதிக்கிற தண்ணீர் விட்டு அரைத்தேன். நொதி சூட்டில் அடங்கி, வாடை பாதிக்கு மேல் குறைந்தது.

அடுப்பில் வைத்தால் சோயா பால் ஏமாற்றும். கொதி வருவதற்கு முன்பே நுரை பொங்கி வழியும். அதைப் பார்த்து இறக்கிவிடக் கூடாது. புரதச் செரிமானத்தைத் தடுக்கிற டிரிப்சின் தடுப்பான் பச்சைச் சோயாவில் உண்டு. நுரை அடங்கிய பிறகும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன்.

அம்மா தைராய்டு மாத்திரை போடுகிறாள். மாத்திரையோடு சேர்த்துச் சோயா சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். அதனால் அவளுக்குக் காலையில் கிடையாது, சாயங்காலம்தான் அரை டம்ளர். ஆண்களுக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டு மாமா பயமுறுத்தினார். சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் என்கிற பொருள்கள் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சாயலில் இருப்பதால் வந்த பயம் அது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததாகத் தெரியவில்லை. நான் ஒரு டம்ளர் குடித்தேன்.

பால் பிழிந்த சக்கையில் வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் கடலை மாவு சேர்த்து வடை தட்டினோம். பாலைவிட அதற்குத்தான் கிராக்கி.

மீதி 40 கிராமில் நல்ல விதையாகப் பொறுக்கிக் காற்றுப் புகாத பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். வடை ருசி கண்ட வீடு, அதனால் மேலே ‘விதை, தொடாதீர்கள்’ என்று எழுதி ஒட்டியாயிற்று.